பின்சீட்டுக்கு அடியில் ஓர் அதிகாரி

எங்கள் இயக்குநருக்கு அலுவலகச் செலவில் ஹைபிரிட் கார் வந்தது. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். பெரிய மனிதர்கள் காரிலெல்லாம் இப்போது இதுதான் என்று சொல்லி, இயக்குநரின் மனைவி தரைவரை தொங்கும் வெல்வெட் சீட் உறை தைத்துக் கொடுத்தார்.

அந்த உறையை டிரைவர் ஒரு சாண் அகலத்துக்குக் கத்தரித்துவிட்டார். பொதுச் சொத்துக்கு ஊறு விளைவித்ததாக அவருக்குக் குறிப்பாணை பறந்தது. ஓய்வுபெற எட்டே மாதம் இருந்த மனிதர்.

விசாரணையில் குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் வெட்டினீங்க?" என்றார் விசாரணை அதிகாரி.

"சார், இன்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கு, தண்ணி சுத்திச் சுத்தி அதைக் குளிர வைக்கும். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில இருக்கு. சீட்டு ஓரத்துல வலை போட்ட ஒரு துவாரம். அது வழியா குட்டி ஃபேன் ஒண்ணு காருக்குள்ள இருக்கிற காத்தை இழுத்து பேட்டரி மேல விடும். உறை அதை மூடிடுச்சு."

"காருக்குள்ள இருக்கிற காத்துன்னா?"

"ஏசி காத்துதான் சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏசி முதல்நிலை அதிகாரிகளுக்கு மட்டும்தான். பேட்டரி எந்த நிலை?"

"அது பேட்டரி சார்."

"அப்போ இத்தனை நாளா அனுமதி இல்லாம அனுபவிச்சிருக்கு."

பேட்டரி தன் தகுதிக்கு மீறிய குளிர்ச்சியைத் துய்த்தது ஐயமற நிரூபணமானது. டிரைவர் உடந்தை. உறையில் ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். டிரைவரின் பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது.

நான்காம் நாள் நண்பகல். அமைச்சர் வரும் விழாவுக்குப் போகும் வழியில், மேம்பாலத்தின் நடுவில் கார் திணறியது. முன்னால் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

"என்னய்யா?" என்றார் இயக்குநர்.

"மூச்சு முட்டுது சார்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"உங்களுக்கு இல்ல சார், பேட்டரிக்கு. உறையை வெட்டினா சரியாகும்."

"வெட்டு, வெட்டு."

"எழுத்துல வேணும் சார்."

பின்னால் ஹாரன்கள் அலறின. இயக்குநர் விழா அழைப்பிதழின் முதுகில் உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். டிரைவர் அதை இரண்டு முறை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கத்தரியை எடுத்தார். பேட்டரி ஆற அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அமைச்சர் பேசி முடித்துப் போய்விட்டார்.

மறுவாரம் ஆணை வந்தது. பேட்டரி முன்தேதியிட்டு முதல்நிலை அதிகாரியாக உயர்த்தப்பட்டது. டிரைவரின் சிவப்பு வரியை அடித்தார்கள். மேலதிகாரியின் மூக்கை உறையால் மூடியதற்கு இயக்குநரின் மனைவியிடம் விளக்கம் கேட்கலாமா என்று யாரோ கோப்பில் எழுதியிருந்தார்கள். அந்தக் கோப்பை அப்புறம் காணவில்லை.

எங்கள் பிரிவில் மின்விசிறி நின்று இரண்டு கோடை ஆகிறது. பதினான்கு பேரும் கையெழுத்திட்டு, எங்களையும் பேட்டரியாகக் கருதுமாறு மனு கொடுத்தோம். உடனே பதில் வந்தது:

"பேட்டரியாகக் கருதப்பட, மனுதாரர்கள் தாங்கள் வேலை செய்வதற்கான ஆதாரத்தை இணைக்க வேண்டும்."

மூன்று வாரமாகத் தேடுகிறோம். எந்த அலமாரியிலும் இல்லை.