குளிர்பதனக் கிடங்கில் பதினான்காவது மேசை

ஒரு வட்டாரத்தின் வேளாண்மை முன்னேற வேண்டுமானால் அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கு அவசியம். இதை யாரும் மறுக்க முடியாது. மறுத்த அதிகாரிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் பதவி உயர்வு பெற்றுப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களோடு நாங்கள் பதினோரு வருடம் போராடினோம். நான்கு மறியல், இரண்டு உண்ணாவிரதம், ஒன்பது நாள் சிறை, அலுவலக வாசலில் மூன்று முறை தக்காளி கொட்டியது, நாற்பத்திரண்டு துண்டறிக்கை. நாற்பத்திரண்டையும் எழுதியவன் நான். அவற்றில் எழுத்துப்பிழை இருக்கலாம். கருத்துப்பிழை கிடையாது.

கடைசியில் கிடங்கு வந்தது. ஒரு முழக் கனத்தில் சுவர், லாரியே நுழையும் அளவுக்கு இரட்டைக் கதவு, வாசலில் வெப்பமானி. திறப்பு விழாக் கல்வெட்டில் இருபத்தாறு பெயர்கள். என் பெயர் இல்லை. அதை நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு முறை எண்ணிப் பார்த்ததோடு சரி.

விழா முடிந்த மறுநாள் 'வேளாண் விளைபொருள், உணவுப் பதப்படுத்தல் மற்றும் முதலீட்டு வாய்ப்புகள் ஊக்குவிப்பு இயக்ககம்' அந்தக் கிடங்குக்குக் குடிவந்தது. பெயர்ப்பலகையை மாட்டவே இரண்டு ஏணி வேண்டியிருந்தது. பழைய கட்டடத்தில் வெயில் தாங்கவில்லையாம். வியர்த்து வடிகிற முதலீட்டாளருக்கு முதலீடு செய்யும் எண்ணம் வருவதில்லை என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்திருந்ததாம். எனவே, 'தற்காலிகமாக, மறு உத்தரவு வரும் வரை', பதின்மூன்று மேசைகளும் பதின்மூன்று அதிகாரிகளும் முப்பது வருடத்துக் கோப்புகளும் உள்ளே போய் அமர்ந்தன. கோப்புகள் வாடாமல் இருப்பதாகச் செய்திக்குறிப்பு வந்தது.

என் தங்கை இரண்டு ஏக்கரில் தக்காளி போட்டிருந்தாள். மச்சான் முதுகுவலியில் படுத்துவிட்டதால் நாற்று நட்டது முதல் பறித்தது வரை ஒற்றை ஆளாகப் பார்த்தாள். அந்த வாரம் சந்தையில் தக்காளியைச் சீந்துவாரில்லை. பத்து நாள் கெடாமல் வைத்திருந்தால் விலை ஏறிவிடும். வைத்திருக்க முடியாவிட்டால் அந்தப் பருவமே போச்சு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இன்னொருவர் வயலில் கூலிக்குக் குனிய வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை நூற்றிருபது பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள்.

"ஏறுண்ணா. நீ சண்டை போட்டு வாங்கின கிடங்கு. உன்னைப் பாத்தா கதவு தானாத் திறக்கும்."

கதவு தானாகத் திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே கம்பளிச் சட்டையும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்த எழுத்தர் தலையைத் தூக்காமலே கத்தினார்.

"கதவைச் சாத்துங்க, குளிர் வெளிய போகுது!"

"தக்காளி கொண்டு வந்திருக்கோம்."

"எதுக்கு?"

"உள்ள வைக்கத்தான்."

"இது ஆபீஸுங்க. ஆபீஸ்ல யாராவது தக்காளி வைப்பாங்களா?"

சத்தம் கேட்டு இயக்குநரே எழுந்து வந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் ஆவி பறக்கும் தேநீர். நல்ல மனிதர், எதற்கும் கோபப்பட மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார்.

"நீங்க கேக்கிறது நியாயம்தான். ஆனா யோசிங்க. வர்ற வெள்ளிக்கிழமை முதலீட்டாளர் வர்றார். அவர்கிட்ட நாம வாய்ப்பைக் காட்டணும். கிடங்கு காலியா இருந்தாத்தானே அது வாய்ப்பு? தக்காளியா நிறைஞ்சு கிடந்தா, இங்க எல்லாம் நல்லாத்தானே நடக்குதுன்னு திரும்பிப் போயிடுவார்."

"அதுவரைக்கும் இந்தத் தக்காளி என்ன ஆகிறது?"

அவர் ஒரு வழவழப்பான கையேட்டைப் பிரித்து வாசித்தார். "'இவ்வட்டாரத்தில் விளையும் தக்காளியில் நூற்றுக்கு நாற்பது பங்கு அழுகி வீணாகிறது என்பது முதலீட்டாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பாகும்.' ஐயாயிரம் பிரதி அச்சாயிடுச்சு. உங்க தக்காளி அழுகலேன்னா இந்தப் புள்ளிவிவரம் என்னாகும், சொல்லுங்க?"

தங்கை முந்திக்கொண்டாள். "அப்ப நாங்க அழுகல் தக்காளிதான் விளைவிக்கணுமா சார்?"

"சேச்சே. நீங்க நல்லதாவே விளைவிங்கம்மா. அழுகறதை நாங்க பாத்துக்கறோம்."

வேனைக் கிடங்கின் நிழலில் நிறுத்தினோம். அங்கே கிடங்கின் குளிர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இயந்திரம் தக்காளிக்காகச் செய்தது. பன்னிரண்டு டிகிரியில்தான் ஒழுங்காக ஓடும். பன்னிரண்டு டிகிரியில் அதிகாரிகளுக்குக் கை விறைத்து, கையெழுத்துகள் தள்ளிப்போயின. அதனால் மேசைக்கு ஒன்றாகப் பதின்மூன்று ஹீட்டர்கள் வந்து இறங்கியிருந்தன.

"குளிர வைக்க ஒரு மிஷின், அந்தக் குளிரை விரட்டப் பதின்மூணு மிஷின். நடுவுல மீட்டர் மட்டும் குஷியா ஓடுது" என்றார்.

"குளிர் மிஷினை அணைச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. அணைச்சா, 'இயங்கும் நிலையிலுள்ள கிடங்கு'ன்னு கையேட்டில போட்டது பொய்யாயிடுமாம்."

புதன்கிழமை முப்பது பேரைத் திரட்டிக் கதவுக்கு எதிரே நின்று முழக்கமிட்டேன். தொண்டை கிழிய ஒரு மணி நேரம். ஓர் அதிகாரிகூட எட்டிப் பார்க்கவில்லை. என்ன அலட்சியம் என்று கொதித்தேன். மெக்கானிக் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவங்களுக்குக் கேக்காதுங்க. ஒரு முழச் சுவராச்சே. நீங்கதானே கேட்டு வாங்கினீங்க?"

உண்மைதான். பதினேழாவது துண்டறிக்கை, மூன்றாவது பத்தி. 'ஓர் அங்குலம் குறைந்தாலும் ஏற்க மாட்டோம்.'

வெள்ளிக்கிழமை முதலீட்டாளர் வந்தார். இயக்குநர் அவரை நேராக என் தங்கையின் வேனுக்கு அழைத்துப் போனார். நான்கு நாளில் அடிப்பெட்டிகள் கசியத் தொடங்கியிருந்தன. முதலீட்டாளர் ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தார். சாறு சட்டைக் கைக்குள் ஓடியது.

"அருமை" என்றார். "கையேட்டில் படிச்சப்பக்கூட இவ்வளவு இருக்கும்னு நினைக்கல."

இயக்குநர் அடக்கமாகச் சிரித்தார். எழுத்தர் புகைப்படம் எடுத்தார்.

"ஐயா, நீங்க தொழிற்சாலை எப்ப கட்டுவீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஒரு வருஷம்மா. கட்டி முடிக்க மூணு வருஷம்."

"சரிங்க. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோன்னு தக்காளிகிட்டச் சொல்லி வைக்கிறேன்."

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

ஆய்வுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் 'விவசாயிகளின் பங்கேற்பு' என்று ஒரு வரி இருந்ததால் இயக்குநர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"வெளிய நின்னு எத்தனை நாள் கத்துவீங்க? உள்ளேயிருந்து போராடுங்களேன்."

பதினான்காவது மேசை தயாராக இருந்தது. அதன்மேல் ஒரு பலகை. பலகையில் என் பெயர், கீழே 'விவசாயிகள் பிரதிநிதி'. அந்தக் கட்டடத்தில் என் பெயர் எழுதப்பட்டது அதுதான் முதல்முறை. நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பலகையை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். இது சமரசமல்ல, போராட்ட உத்தி என்று முப்பது பேருக்கும் விளக்கினேன். தற்காலிகமானது என்றும் சொன்னேன்.

கம்பளிச் சட்டை அளவாக இருந்தது. குளிரில் சிந்தனை தெளிவாக ஓடுகிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'கிடங்கைக் காலி செய்!' என்ற தலைப்பில் நாற்பத்து மூன்றாவது துண்டறிக்கையை எழுதத் தொடங்கினேன். பகல் மூன்று மணிக்குக் கதவு திறந்தது. தங்கை நின்றிருந்தாள். முழங்கை வரை தக்காளிச் சாறு.

"அண்ணா, அடிப்பெட்டி எல்லாம் போச்சு. மேல இருபது பெட்டி தேறும். உன் மேசைக்கு அடியிலயாவது வச்சுக்கோ."

என் மேசைக்கு அடியில் ஹீட்டர் இருந்தது. தவிரவும் நான் முக்கியமான ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன்.

"பாக்கலாம்மா. முதல்ல கதவைச் சாத்து, குளிர் வெளிய போகுது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த பலகையைப் பார்த்தாள். இரட்டைக் கதவையும் சுவரோடு சுவராகத் திறந்து தள்ளினாள். மூடிக்கொள்ளாதபடி ஒவ்வொரு கதவுக்கும் ஆறு ஆறு பெட்டி அழுகல் தக்காளியை முட்டுக் கொடுத்துவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெயில் உள்ளே வந்தது. ஈக்களும் வந்தன. சாறு வழுக்கியதில் பெட்டிகளை நகர்த்த ஒருவராலும் முடியவில்லை. பதின்மூன்று அதிகாரிகளும் முதல்முறையாகக் கம்பளியைக் கழற்றினார்கள். இயக்குநருக்கு வியர்த்தது. உடனடியாக அவசரக் கூட்டம் கூடி, 'கிடங்கின் குளிரைச் சட்டவிரோதமாக வெளியேற்றி, வட்டாரத்தின் முதலீட்டுச் சூழலுக்கு ஊறு விளைவித்த பெண்மணியை' வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒருமனதாக. பதினான்கு கைகள்.

வாசகத்தை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அந்த மாதிரி நடை அவர்களுக்கு வராது. அதுவே என் நாற்பத்து மூன்றாவது துண்டறிக்கையாக அச்சானது. ஐயாயிரம் பிரதி, வழவழப்பான தாளில்.

அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்று இயக்குநரே பாராட்டினார்.