பஸ் ஸ்டாப் நாற்காலிக்கு என்னைப் பிடிச்சுப்போன கதை

நேத்து ஆபீஸ்ல எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பஸ் ஸ்டாப்புக்குப் போய், நாற்காலியில உட்கார்ந்து பார்த்துட்டு வரணும்.

அவ்வளவுதாங்க! உட்காரணும். எனக்கு நல்லா வர்ற ஒரே வேலை அது.

நான் இருக்கிறது மலேசியாவுல, கிள்ளான் பள்ளத்தாக்குல ஒரு நகராட்சி கவுன்சில்ல, சாமான் வாங்குற பிரிவு. எந்தக் கவுன்சில்னு கேட்காதீங்க. கதையைப் படிச்சா ஏன்னு உங்களுக்கே புரியும்.

முன்னெல்லாம் ஏர்கோன் ரூம்ல உட்கார்ந்து, கேட்டலாக்ல படம் பார்த்தே வாங்கிடுவோம். போன தடவை அப்படி வாங்கின இரும்பு பெஞ்சு மத்தியான வெயில்ல தோசைக்கல்லு மாதிரி காய்ஞ்சு, ஜனங்க அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுதான் பஸ் ஏறுறாங்க.

அதனால எங்க மேலதிகாரி ஜெயந்தி மேடம், இங்க மலாய்ல சொல்ற மாதிரி புவான் ஜெயந்தி, புது ரூல் போட்டாங்க. "இனிமே சாம்பிளை அந்த எடத்துலயே வச்சுப் பார்க்கணும். பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்ட கேட்கணும். அப்புறம்தான் ஆர்டர்."

நல்ல ரூல்! முதல்ல கை தட்டினதே நான்தான்.

போனா, கம்பெனி சேல்ஸ்மேன் தினேஷ் சாம்பிளோட ரெடியா நிக்கிறார். ஒத்தை சீட்டு. சுடாத பிளாஸ்டிக். யாரும் படுத்துடக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் கம்பி. தரையில இன்னும் முடுக்கல, சும்மா வச்சிருக்கு.

பக்கத்துல, மார்க்கெட் போயிட்டு வந்த பாசார் பையோட ஒரு ஆன்டி.

"ஆன்டி, கவுன்சில்ல இருந்து வரேன். உங்க கருத்து வேணும்."

"கருத்து கெடக்கு தம்பி. காலு வலிக்குது. உட்காரட்டா?"

"சேஃப்டி இருக்கு ஆன்டி! முதல்ல நான்."

கொஞ்சம் டைட்டாத்தான் இருந்துச்சு. புதுசு இல்லையா, போகப் போகச் சரியாயிடும்னு அமுக்கினேன். 'டொப்'னு உள்ளே போயிட்டேன்.

சுடவே இல்ல. சூப்பர்! எந்திரிச்சேன்.

நாற்காலியும் கூடவே எந்திரிச்சுச்சு.

திரும்ப உட்கார்ந்து, திரும்ப எந்திரிச்சேன். அது என்னை விடுற மாதிரி இல்ல.

"என்ன பாஸ் இது, இவ்வளவு குறுகலா செஞ்சிருக்கீங்க?"

தினேஷ் பவ்யமா சொன்னார். "சார், நீங்க எழுதிக் கொடுத்த அளவுதான் சார். ஒரு மில்லிமீட்டர் மாறல."

உண்மைதான். அந்த அளவை எழுதினது நானேதான். ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து நாற்காலியை அளந்து எழுதினேன். அதுல உட்கார்றது ஃபைசால், ஊதினா பறந்துடுவான். என் நாற்காலியை ஏன் அளக்கலைன்னு கேட்கிறீங்களா? அதுக்கு நான் எந்திரிக்கணுமே!

"சரி, கம்பியைக் கழட்டுங்க."

"நான் சேல்ஸ் மட்டும்தான் சார். கழட்டுறது வேற கன்ட்ராக்டர்."

அந்த நேரம் பார்த்து புவான் ஜெயந்தி போன். "குமார், மீட்டிங்ல எல்லாரும் வெயிட் பண்றோம். நாற்காலி எப்படி?"

பதட்டத்துல வாய்க்கு வந்தது இதுதான். "பிடிச்சிருக்கு புவான்... நல்லாவே பிடிச்சிருக்கு..."

"அப்படியா! சரி, எல்லா பஸ் ஸ்டாப்புக்கும் சைன் பண்ணிடறேன்."

"ஐயோ வேணாம் புவான்! எனக்குப் பிடிக்கல! அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு!"

"குமார்... அங்க வெயில் ஜாஸ்தியா?"

ஆன்டி என் கையில இருந்த போனைப் புடுங்கினாங்க. "அம்மா, உங்க ஆளு நாற்காலியில மாட்டிக்கிட்டாரு. எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க!"

அதுக்குள்ள பஸ் வந்து நின்னுச்சு. கதவு திறந்துச்சு. நான் பின்னாடி நாற்காலியோட, பாதி குனிஞ்சபடி நிக்கிறேன்.

டிரைவர் மேலயும் கீழயும் பார்த்தார். "அண்ணே, மேசை நாற்காலி எல்லாம் ஏத்த முடியாது லா."

பஸ்ஸே சிரிச்சுச்சு. ஜன்னல்ல ஏழெட்டு போன் என்னைப் படம் புடிச்சுச்சு.

நல்ல மனுஷன், சிரிச்சு முடிச்சதும் இறங்கி வந்தார். அவர் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டார். தினேஷும் ஆன்டியும் ஆளுக்கொரு கையைப் புடிச்சாங்க.

"மூச்சை முழுசா வெளிய விடு தம்பி! ம்... இழு!"

வெளிய வந்துட்டேன். பேன்ட் பட்டன் மட்டும் ரோட்டைத் தாண்டிப் போயிடுச்சு.

ஒரு கையால பேன்ட்டைப் புடிச்சுக்கிட்டு, கடமை கடமைதானே, கேட்டேன். "ஆன்டி, இப்ப உங்க கருத்து?"

"நாற்காலி வேணாம். ஆனா இப்படி வந்து கேட்டீங்க பாரு, அது நல்லது. இல்லன்னா ஊரே நாற்காலியோட பஸ் ஏறியிருக்கும்!"

புவான் ஜெயந்தி திட்டலைங்க. நான் எழுதின அளவு விவரத்துல, அவங்க கைப்பட ஒரு வரி மட்டும் சேர்த்துட்டாங்க: "உட்கார்ந்தவர் எழுந்திருக்கவும் முடிய வேண்டும்."