தேங்கா எந்திரிச்சா செவுத்த இடி

மாமரம் பூக்கலையா, மாடு பாலு கொறைச்சிருச்சா, பையனுக்குப் பொண்ணு அமையலையா? எல்லாத்துக்கும் ஒரே காரணந்தானுங்க. சமையக்கட்டுச் செவுரு! நாஞ்சொல்லலைங்க, தேங்காச்சாமி சொன்னாரு. எங்க ஊரு எருத்தேன்பதியே அவரு பொறத்தால ஓடுச்சு. முதலமடை மாங்கா வியாபாரி காருல வந்தாரு, மீனாட்சிபுரத்துக்காரங்க பால் கேனோடவே வந்து நின்னாங்க.

சாமி முந்தி போர் போடறதுக்குத் தண்ணி பாத்துட்டு இருந்தவருதான். உள்ளங்கையில தேங்காயப் படுக்க வெச்சுட்டுத் தோட்டத்துல நடப்பாரு. தேங்கா எங்க எந்திரிச்சு நிக்குதோ அங்க தண்ணியாம். தோண்டுனா புழுதிதான் பறக்கும். நாலு பேரு சட்டையப் புடிச்சதும் தேங்காயத் தூக்கிட்டு ஊட்டுக்குள்ள வந்துட்டாரு. இப்பத் தேங்கா எந்த செவுத்துக்கிட்ட எந்திரிக்குதோ அதுல தோசமாம். கெட்டிக்காரருங்க! பூமிக்குள்ள தண்ணி இல்லைன்னா தோண்டுனாத் தெரிஞ்சு போகும். செவுத்துக்குள்ள தோசம் இல்லைன்னு ஆரு தோண்டிப் பாக்கறது?

செவுத்த இடிக்கறது சாமியோட மச்சான். இடிச்ச எடத்துல ஓப்பன் கிச்சன் கட்டறதும் அதே மச்சான். தோசத்துக்கு எத்தனை வசதி பாருங்க.

எங்க வீதி மோகனசுந்தரந்தான் மொத ஆளு. செவுத்த இடிச்சுக் கொஞ்ச நாள்ல மேல காங்கிரீட்டு பொளந்துக்குச்சு. "பயப்படாதீங்க, தோசம் வெளிய போற வழி அது"ன்னுட்டாரு சாமி. இப்ப கூரைக்கு இரும்பு முட்டு குடுத்து வெச்சிருக்காங்க. முட்டுக்கு நடுவால பூந்து பூந்து போயித்தான் அவன் சம்சாரம் தோசை சுடுது. பேரு ஓப்பன் கிச்சனுங்க!

அதையும் பாத்துட்டு, எங்க பக்கத்தூட்டு மருதாத்தா சாமியக் கூட்டியாந்துட்டா. மாடு பாலு கொறைச்சிருச்சாம். சாமி ஊட்டுக்குள்ள நடந்தாரு. சமையக்கட்டுச் செவுத்துக்கிட்ட வந்ததும் தேங்கா விசுக்குனு எந்திரிச்சுது. சனமெல்லாம் கன்னத்துல போட்டுக்கிச்சு. வாசல்ல மச்சான் சம்மட்டியத் தூக்கிட்டாரு.

மருமக தமிழ்ப்ரியா குறுக்க வந்து நின்னுட்டா.

"ஏனம்மிணி, ஓப்பன் கிச்சன் வேணும்னு நீதான கேட்டுட்டிருந்தே?"ன்னா மருதாத்தா.

"கேட்டேனுங்கத்தை. ஓவர்சியரக் கூட்டியாந்தும் காட்டுனேன். இந்த ஊட்டுல தூணே இல்லை, மேல் ரூமு மொத்தமும் இந்தச் செவுத்து மேலதான் உக்காந்திருக்குதுன்னாரு. அன்னைக்கே ஆசைய உட்டுட்டேன். அந்த ரூமுலதான் நம்ம ஆர்த்தி படுக்குறா. பேத்தி மேல கல்லு வுழுந்தா மாடு கொடம் கொடமா கறந்து என்னங்கத்தை பண்றது? கோடையில காஞ்ச சோளத்தட்டை போட்டா பாலு கொறையாம ஏறுமா?"

"ஓவர்சியருக்குச் சிமெண்டு தெரியும். தோசம் தெரியுமா?"ன்னு சாமி சிரிச்சாரு.

"தோசம் தெரியாட்டிப் போகுதுங்க. கீழ செவுரு இல்லைன்னு காங்கிரீட்டுக்குத் தெரியுமுங்களே!"

அவ புருசன் சென்னிமலை ரெண்டுங்கெட்டானா நின்னுட்டிருந்தான். அவன் தோள்ல கெடந்த துண்ட உருவிட்டுச் சாமிகிட்டப் போனா.

"தேங்காய எழுப்பறது தோசந்தானுங்களே? உங்க கண்ணு இல்லையே?"

"தோசந்தான். நமக்கு அதுல ஒரு பங்கும் இல்லை."

"அப்பக் கண்ணக் கட்டிக்கலாமுங்க. எந்திரிச்ச எடத்த இப்பவே இடிச்சுப் போடலாம்."

அத்தனை சனம் பாக்குது, மாட்டேன்னா எப்படிச் சொல்றது? கட்டிக்கிட்டாரு. மருமக ஒரு சுத்து சுத்தி உட்டா. ஆரும் மூச்சு விடக் கூடாதுன்னா. சென்னிமலை தோளப் புடிச்சு நடத்துனான். அதே செவுத்துக்கிட்டப் போனாங்க. தேங்கா படுத்தது படுத்தாப்புலயே கெடக்குது! திருப்பியும் போனாங்க. கறி விருந்து உண்ட ஒரம்பரையாட்டம் அசையவே இல்லை. கொல்லைக்குப் போனாங்க. மாட்டுத் தொட்டிகிட்ட எந்திரிச்சு, சலாம் போட்டுட்டு மறுக்காப் படுத்துக்குச்சு.

மருமக அதுக்குள்ள நைசா வாசலுக்குப் போயி, அங்கிருக்கற வெளியடுப்புல குக்கர வெச்சுட்டா. சாமி வாசலுக்கு வரவும் குக்கர் விசிலடிக்கவும் செரியா இருந்துச்சு. தேங்கா துள்ளி எந்திரிச்சுது பாருங்க!

"இதா! இதேதான்! ஒரு நிமிசம் தாமதிக்காம இடிங்க!"ன்னு கத்துனாரு சாமி.

மருமக துண்ட அவுத்து உட்டா. சாமி கண்ணத் தொறந்தா, எதுத்தாப்புல அவரோட சொந்தக் காரு நிக்குது.

மச்சான்கிட்ட இருந்து சம்மட்டிய வாங்கிட்டு வந்தானுங்க சென்னிமலை. "ஏனுங்க சாமி, கண்ணாடில இருந்து ஆரம்பிக்கறதா, பானட்டுல இருந்தா?"

சனம் வயித்தப் புடிச்சுட்டு சிரிக்குது. மருமக தேங்காய வாங்கி உள்ளங்கையில படுக்க வெச்சா. அடியில நடுவெரல லேசா மடக்குனா. டக்குனு எந்திரிச்சு நின்னுச்சு. "பாத்துக்கங்க, எனக்கும் தோசம் தெரியுது"ன்னா.

மோகனசுந்தரம் மட்டும் சிரிக்கலைங்க. கூட்டத்த வெலக்கிட்டு முன்னால வந்தான். "அப்ப என்ற ஊட்டுச் செவுத்த எதுக்குடா இடிச்சே?"ன்னான். சாமின்னு கூடச் சொல்லலை. பதிலுக்குக் காரு கெளம்புன சத்தந்தான் வந்துச்சு. மச்சான் பொறத்தாலயே ஓடறாரு.

தேங்கா எங்ககிட்டயே தங்கிருச்சு. மருமக அத ஒடச்சுச் சட்னி அரைச்சா. அந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்துதான் உண்டோம். மருதாத்தா தலையத் தூக்காம ரெண்டாவது தரமும் சட்னி ஊத்தச் சொன்னா.

நாளைக்கு உங்க ஊட்டு வாசலுக்கும் ஆராச்சும் எதையாச்சும் உள்ளங்கையில ஏந்திட்டு வருவான். அவன் கையில தேங்கா எந்திரிக்கறது கெடக்கட்டுமுங்க. நம்ம புத்தி எப்ப எந்திரிக்கும்? கூரை எறங்குனதுக்கப்புறமா?