கடிதமில்லாத கிஷன்

பிள்ளைகளில் ஒருவரைக்கூட விட்டுவிடக் கூடாது. இது கல்வி இலாகாவின் கொள்கை. நல்ல கொள்கை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் எதற்கு? மூன்றாம் ஆண்டுக்கு அங்கே ஒரே வகுப்பு. அதில் கிஷன் என்றொரு பையன். மனக்கணக்கு போடுவான், படம் வரைவான், பந்து நன்றாக உதைப்பான். எழுத்து மட்டும் ஏறாது. பலகையில் 'மரம்' என்று எழுதிப் போட்டால் வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், நகருது" என்பான். ஆகவே கடைசி வரிசை.

அவன் அம்மா உஷாராணிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பையன் வாசிக்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அப்போதுதான் பள்ளிக்கு ஆய்வு வந்தது.

கொண்டு வந்தவர் பல்கலைக்கழகத்து டாக்டர் ரஞ்சனி. தலைப்பு: 'பன்முகக் கற்றல் தேவையுடைய மாணவரிடையே மொழித்திறன் மேம்பாட்டுக்கான உள்ளடங்கிய கல்வி அணுகுமுறை: ஒரு களநிலைப் பார்வை'. தலைமையாசிரியர் பரமேஸ்வரன் அதை முழுதும் வாசித்தார். மூச்சு வாங்கியது. கையெழுத்துப் போட்டார். ஏனென்றால் ஆய்வோடு ஓர் அறையும் வந்தது. குளுகுளுவென்று ஏர்கோன், தரையில் மெத்தை, ஆளுக்கொரு டேப்லெட், காலையில் குடிக்க மைலோ. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு.

"உள்ளடங்கிய கல்வின்னா எல்லாரும் ஒண்ணா இருக்கறதுதானே டாக்டர்? தனி ரூம் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தார்.

"முதல்ல தனியா எடுத்தாத்தானே சார் பிறகு உள்ள சேர்க்க முடியும்?"

நியாயம்தான்.

மறுநாள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தம்புசாமி வந்து அறையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஏர்கோனுக்கு நேரே நின்றார்.

"சார், இந்த ரூமுக்கு நம்ம பொண்ணு வரணும்னா என்ன செய்யணும்?"

"பிள்ளைக்கு ஏதாவது குறை இருக்கணும்."

"இருக்கு லா."

"என்ன குறை?"

"என்ன குறை வேணும்?"

அவர் மகள் மாவட்டக் கதை சொல்லும் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள். நிபுணர் கடிதம் வேண்டும் என்றார் பரமேஸ்வரன். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில், பூமாலைக் கடைக்கு மேல்மாடியில், ஒரு பரிசோதனை மையம் இருக்கிறது. சனிக்கிழமை ரயிலேறிப் போனார் தம்புசாமி. மதியச் சாப்பாட்டுக்குள் மகளுக்கு 'மிதமான மொழித் தயக்கம்' வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அந்த ரயிலில் பாதிப் பேர் நம் பள்ளிப் பெற்றோர்கள். ஒருவனுக்குக் கவனச் சிதறல். இன்னொருத்திக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கவனச் சிதறல். அறிவாளிப் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் வருமாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. கோயில் வாசலில் ஓர் அம்மா இன்னோர் அம்மாவைத் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தாள். "உன் பையனுக்கு ஒண்ணுமே இல்லையா? பாவம்."

பள்ளி விடுமுறைக்குள் மூன்றாம் ஆண்டு முழுதும் ஏர்கோனுக்குப் போய்விட்டது. கிஷனைத் தவிர.

உஷாராணி ஷிப்ட் முடிந்த கையோடு அலுவலகத்துக்கு வந்தாள்.

"சார், வாசிக்க வராதது எம்பையனுக்கு. அவன மட்டும் வெளிய வச்சிருக்கீங்களே."

"கடிதம் இருக்கா?"

"அரசாங்க ஆஸ்பத்திரியில அடுத்த வருஷம்தான் டேட்டு குடுத்திருக்காங்க. பிரைவேட்டுக்கெல்லாம் நமக்கு எங்க சார்."

"அப்ப அது வரைக்கும் அவன் நல்லா இருக்கான்மா."

"வாசிக்க வரல சார்."

"அது எனக்குத் தெரியும். அதிகாரபூர்வமாத் தெரியாது."

பக்கத்தில் இருந்த டாக்டர் ரஞ்சனி ஆறுதல் சொன்னார். "கவலப்படாதீங்க அக்கா. ஆய்வுல ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண மாணவன் வேணும். கிஷன்தான் எங்க சாதாரண மாணவன்."

உஷாராணி எதற்கும் நன்றி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பழைய வகுப்பறையில் கூரையில் ஒரு காற்றாடி, ஒரு டீச்சர், ஒரு பையன்.

"எல்லாரும் எங்க டீச்சர்?"

"அவங்கள்லாம் உள்ளடங்கிட்டாங்கடா," என்றாள் லெட்சுமி டீச்சர்.

"நாம?"

"நாம மிச்சம். முன்னுக்கு வந்து உக்காரு."

லெட்சுமி டீச்சர் பெரிய நிபுணர் ஒன்றும் இல்லை. வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். மிரட்ட வேறு பிள்ளை இல்லை. பாடத்தை முடித்து ஓட அவசரமும் இல்லை. கிஷனுக்கும் ஒளிந்துகொள்ள முன்னால் ஒரு முதுகு இல்லை. ஒருநாள் அவனைத் திடலுக்குக் கூட்டிப்போய், நீளம் தாண்டும் மணலில் அவன் உயரத்துக்கு ஒரு 'ம' போட்டு, அதன்மேல் நடக்கச் சொன்னாள்.

"நகருதாடா?"

"இல்ல டீச்சர். நான்தான் நகர்றேன்."

நான்கு மாதம் நடந்தான். ஒரு சனிக்கிழமை, கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஜவுளிக்கடைப் பலகை ஒன்றை எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு நகைக்கடை. பிறகு சாப்பாட்டுக்கடை. பஸ் வந்தது, போயும்விட்டது. உஷாராணி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பலகையைக் கை காட்டினாள்.

ஏர்கோன் அறையிலும் ஆய்வு சிறப்பாகவே நடந்தது. இந்தப் பிள்ளைகளை வாசிக்க வற்புறுத்தக் கூடாது என்று கடிதங்களில் இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை. ஆண்டிறுதிச் சோதனையில் தம்புசாமியின் மகள் தன் பெயரை வாசித்துவிட்டு ஓய்வு கேட்டாள்.

டாக்டர் ரஞ்சனி முடிவுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "உள்ளே இருந்தவங்க எல்லாரும் இறங்கிட்டாங்க. வெளியே இருந்தவன் ஏறிட்டான். இந்தப் பையனால ஆய்வே கெட்டுப்போச்சு சார்."

காப்பாற்றியவர் இலாகாவிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி. பழைய வகுப்பறையை எட்டிப் பார்த்தவர் கேட்டார்.

"உள்ளடங்கிய கல்வித் திட்டத்துல ஒரு பையன் மட்டும் ஏன் வெளிய இருக்கான்? கொள்கை என்ன?"

"ஒருத்தரையும் விடக் கூடாது சார்," என்றார் பரமேஸ்வரன்.

அன்றே கிஷன் உள்ளடக்கப்பட்டான். கடிதம் இல்லாவிட்டாலும் கருணை அடிப்படையில். மெத்தைகள் நிறைந்திருந்ததால் கடைசியில், சுவரோரம் இடம் கிடைத்தது. ஒப்பிட ஆள் இல்லாமல் போனதால் ஆய்வு முழு வெற்றி. டாக்டர் ரஞ்சனிக்கு விருது. பள்ளிக்குக் கேடயம்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிஷன் வாசிக்கும் செய்தி தம்புசாமி காதுக்கு எட்டிவிட்டது.

"ஏர்கோன் இல்லாம, டேப்லெட் இல்லாம, மணல்ல படிச்சானாமே? ஒரு டீச்சருக்கு ஒரே பையனாமே? எங்களுக்கு ஏன் சொல்லல?"

சங்கம் கூடியது. புதிய ஆண்டிலிருந்து பழைய வகுப்பறையில் 'இயற்கைவழிச் சாதாரண வகுப்பு' என்று தீர்மானம். லோரியில் மணல் வந்து இறங்கியது. சேர வேண்டுமானால், பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை என்று நிபுணர் கடிதம் வேண்டும். அதையும் பிரிக்பீல்ட்ஸ் மேல்மாடியிலேயே தருகிறார்கள். அதே நிபுணர்தான். மதியச் சாப்பாட்டுக்குள் குணமாகிவிடுகிறது.

உஷாராணி ஓடி வந்தாள்.

"சார், அது எம்பையன் வகுப்பு சார். அவன் இப்பத்தான் வாசிக்கத் தொடங்கியிருக்கான். திரும்ப அங்கயே விடுங்க."

"கடிதம் இருக்கா?"

"இருக்கு சார்," என்று பெருமையோடு நீட்டினாள். "போன வாரம் ஆஸ்பத்திரியில கூப்பிட்டுப் பார்த்தாங்க. அவனுக்கு நெசமாவே எழுத்துத் தடுமாற்றம் இருக்காம்."

பரமேஸ்வரன் இரண்டு முறை வாசித்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"அடடா. இந்தக் கடிதம் இருக்கற பிள்ளைக்குச் சாதாரண வகுப்புல இடமில்லையேம்மா."

சாதாரண வகுப்பில் இப்போது முப்பது பேர். இன்னும் ஒரே ஓர் இடம் பாக்கி. வருகிற சனிக்கிழமை நானும் பேத்தியோடு ரயிலேறுகிறேன்.