மாந்தோப்புப் பங்காளிகள்

மனிதர்களைத் திட்டுவதற்கென்று தமிழில் இருக்கும் அத்தனை வசவுகளையும் ஒரு பூச்சிக்காகச் செலவு செய்து தீர்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். திண்டிவனத்தில் அவருக்குப் பெயர் 'பங்காளி'. சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். விழுப்புரம் சாலையோரம் அவருடைய மாந்தோப்புக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். ஒரு தை மாதம், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மனிதர் மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எதுக்குங்க குடை?" என்றேன்.

"உள்ள வந்து பாருங்க மாஸ்டர்."

போனேன். சட்டையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. பூங்கொத்து முழுக்கத் தத்துப்பூச்சி. அரிசி அளவுகூட இல்லாதது, பூவின் சாற்றைக் குடித்துக் குடித்து இனிப்பாக ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது.

"எங்க பங்காளிங்க மாஸ்டர். வருஷம் பூரா பட்டை இடுக்குல தூங்குவானுங்க. நான் தண்ணி எறைச்சி, எரு போட்டு, மார்கழில மரம் மொட்டு வுட்டதும் எழுந்து வந்து முட்டை வெப்பானுங்க. தைல குஞ்சு குட்டியோட குந்திக்கினு உறிஞ்சுவானுங்க. பூவெல்லாம் கருகிக் கொட்டினதும் மறுபடி பட்டைக்குள்ள போய்ப் படுத்துக்குவானுங்க. இன்னா உழைப்பு பாத்தீங்களா!"

அவருக்கு வேறு காலண்டரே கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒன்றுவிட்ட தங்கையிடம், "அன்னிக்குப் பங்காளி குஞ்சு பொரிக்கற நேரமாச்சேம்மா, எப்படி வர்றது?" என்று கேட்டதில் அந்தப் பக்கத்துப் பேச்சுவார்த்தை முறிந்தது. வெயிலுக்கு ஒதுங்கி மரத்தில் சாய்ந்த வழிப்போக்கரை, "தூங்கறவனுங்கள இன்னாத்துக்கு எழுப்பறே?" என்று விரட்டியிருக்கிறார்.

உண்மையான பங்காளி ஒருவரும் இருந்தார். கூடப்பிறந்த அண்ணன். தோப்பு இருவருக்கும் பொது. ஆனால் அண்ணன் தோப்பில் காலை வைப்பது மாங்காய் இறக்கும் அன்றைக்கு மட்டும்தான். வருஷா வருஷம் பூ கருகவே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த வருஷமும் காய்க்கலேன்னா மரத்த வெட்டிட்டு மல்லாட்டை போட்டுடுவேன்." வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர்.

நம்மவர் ஆடிப்போனார். விவசாய ஆபீசுக்கு ஓடி, பூச்சிப் பொடியும் அதைத் தூவும் மிஷினும் வாங்கிவந்தார். மொட்டாக இருக்கும்போதே தூவ வேண்டும், பூ விரிந்தபின் தூவினால் தேனீயும் சாகும், தேனீ வராத பூ காயாகாது என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மார்கழியில் மொட்டு வந்தது. மிஷினைத் தோளில் மாட்டினார். அண்ணன் வந்து மறித்தார்.

"பீடை மாசத்துல புது மிஷின தொடுவியா? தை பொறக்கட்டும், பூசை போட்டு ஆரம்பிச்சிக்கலாம்."

"ண்ணா, பூச்சிக்கு இன்னா மார்கழி, இன்னா தை? அது பாட்டுக்கு முட்டை வெச்சிக்கினு இருக்குது!"

"பெரியவன் சொல்றேன். எறக்கி வை."

இறக்கி வைத்தார். பூச்சியை அத்தனை ஏசிய வாய் அண்ணன் முன்னால் அதற்குமேல் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தை பிறந்த அன்று தோப்பே பூவாக விரிந்து கிடந்தது. தேனீ மொய்த்தது. "இப்ப வேணாண்ணா" என்று இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அண்ணன் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, தம் பிள்ளைகளை விட்டு மரம் மரமாகத் தூவச் செய்தார். பூச்சிகள் உதிர்ந்தன. தேனீக்களும் உதிர்ந்தன. அந்த வருஷம் ஊறுகாய் போடக்கூட மாங்காய் இல்லை.

ஆனியில் கோடாலி வந்தது. பழி யார்மேல் என்கிறீர்கள்? "மிஷின் கிஷின்னு கொண்ணாந்து தோப்பையே கெடுத்தவன் என் தம்பிதான்" என்று அண்ணன் கடைத்தெரு முழுக்கச் சொன்னார். கேட்டவர்களும் தலையை ஆட்டினார்கள்.

மரங்கள் சாயச் சாய, பட்டை இடுக்கில் தப்பிக் கிடந்த பூச்சிகள் கிளம்பி எல்லார்மேலும் உட்கார்ந்தன. வெட்டுகிறவர்கள் துண்டை எடுத்து உதறினார்கள். இவர் தோளிலும் நரைத்த தலையிலும் உட்கார்ந்ததை இவர் உதறவில்லை.

"எங்கடா போவீங்க இனிமே?" என்றார். பூச்சியிடம் அவர் திட்டாமல் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

அறுவடை ஆனதும் அண்ணன் அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவித்த மல்லாட்டை கொடுத்தனுப்பினார். எனக்கு வந்ததைப் பாத்திரத்தோடு திருப்பி அனுப்பினேன். இன்றுவரை நான் அதை வாயில் வைப்பதில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களிடம், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.