ஒயர் அண்ணனின் மெஷினுக்கு நான் செய்த ஆயுத பூஜை

மைசூரிலேயே கரண்ட் போனால் சாமிக்கு நன்றி சொன்ன தெரு எங்களுடையது ஒன்றுதான். காரணம், என் அறைத்தோழர் ஒயர் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். வீட்டு ஓனருக்கே அது தெரியாது.

கொள்ளேகால்காரர். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். மூடிப்போன ரிக்கார்டிங் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து அனலாக் சிந்தசைசர் என்ற பழைய மின்னிசைப் பெட்டியைத் தூக்கி வந்து, எங்கள் கட்டில்களுக்கு நடுவே குடிவைத்திருந்தார். அறுபது திருகு குமிழ், நாற்பது ஒயர். ஒரு மணி நேரம் சூடேறினால்தான் சுருதி நிற்கும். நின்ற பிறகு வரும் சத்தத்தை, மாவு மெஷினுக்குள் பூனை விழுந்தது போல என்று மாடிவீட்டம்மா சொல்வார். அவர் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார்.

"லேப்டாப்புலயே இது வருமேண்ணா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"பவுடர் பால் குடிக்கறவங்ககிட்ட எருமைப்பாலைப் பத்திப் பேசி என்னத்துக்குங் தம்பி?"

திடீரென்று அந்த எருமைப்பாலுக்கு மவுசு வந்தது. மூடிக்கிடந்த ஜிம்மின் பேஸ்மெண்டில், ஞாயிறு மதியம் பிள்ளைகள் ரகசியமாகக் கூடி, தாங்கள் பிறப்பதற்கு முன் வந்த இந்தச் சத்தத்துக்கு ஆட ஆரம்பித்தார்கள். அதை நடத்திய ஸ்பூர்த்தி என்ற பெண் அண்ணனைத் தேடி வந்து, "தசரா முடிஞ்ச சண்டே நீவே வாசிக்கணும் சார்" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள். அதுவரை அவருக்கு ரசிகர்கள் நானும் சுவரும்தான். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இருபது நாள் திருகித் திருகி, தனக்குப் பிடித்த ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தார். அந்த மெஷினில் எதையும் சேமித்து வைக்க முடியாது. திருகு நின்ற இடமும் ஒயர் செருகிய ஓட்டையும்தான் அதன் ஞாபகசக்தி.

இதெல்லாம் எனக்கெங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது ஆயுத பூஜை. அண்ணன் தொழிற்சாலைப் பூஜைக்குப் போயிருந்த நேரத்தில், நாற்பது ஒயரையும் உருவி, துடைத்து, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். அறுபது திருகையும் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். உச்சியில் சாமந்திப்பூ.

பொரிப் பொட்டலத்தோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருங் தம்பி ஒயரைக் கழட்டுனது?"

"நான்தாண்ணா. ஒரே சிக்கலா கெடந்துச்சு."

"அது சிக்கலில்லீங் தம்பி. அதுதான் பாட்டு."

திட்டியிருந்தால் தேவலை. பொரியை என் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து முதலிலிருந்து திருக ஆரம்பித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஞாயிறு வந்தது, அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. குங்குமப் பொட்டுகளோடு மெஷின் மேடையேறியது. நூறு பேருக்கு முன்னாலும் அண்ணன் தேடிக்கொண்டே இருந்தார். மைக் ஆனில் இருந்ததைக் கவனிக்காமல், "இல்ல... இதில்ல" என்று முனகினார். பிள்ளைகள் அதையே பாட்டென்று நினைத்து, "இல்ல! இதில்ல!" என்று கத்திக்கொண்டு குதித்தார்கள். முக்கால் மணி நேரம் பேஸ்மெண்ட் அதிர்ந்தது. ஸ்பூர்த்தி, "ஜீனியஸ் குரு!" என்று என் தோளை உலுக்கினாள்.

சட்டென்று அண்ணன் கை நின்றது.

"தம்பி! கெடச்சிருச்சுங்!"

அதே சத்தம். அதே பூனை. கூட்டம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கச்சேரி முடிந்துவிட்டதோ என்று விழித்தது. அண்ணன் அவர்களைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண் திறக்கும்போது எதிரில் ஒருவரும் ஆடாமல் நிற்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று கூட்டத்துக்குள் புகுந்தேன்.

எனக்கு ஆடத் தெரியாது. அந்தச் சத்தம் இன்றுவரை பிடிக்கவும் இல்லை. ஆனாலும் நூறு பேருக்கு நடுவில், அவர் கண் திறக்கும் வரை, நான் ஒருவன் மட்டும் ஆடினேன்.