மாமனாரோடு மாட்டிக்கொண்ட பாட்டு அறை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பசையைப் பற்றி வகுப்பெடுப்பவனும் நானே. அந்தப் பசையாலேயே என் மானம் போனது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் சின்ன அறை ஒன்றைப் பாட்டுக் கேட்கவென்று ஒதுக்கியிருந்தேன். நல்ல ஸ்பீக்கர்தான். ஆனால் வெற்றுச் சுவர், டைல்ஸ் தரை. பாடகர் ஒரு முறை பாடினால் சுவர் இரண்டு முறை பாடும். எதிரொலியை ஒழிக்கச் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டினேன், ஜன்னலையும் அடைத்தேன். (எதிரொலியைக் குறைப்பது வேறு, சத்தம் வெளியே போகாமல் தடுப்பது வேறு என்பது அப்போது தெரியாது.)

இத்தனை அவசரத்துக்குக் காரணம் மாமனார். எங்களுடையது காதல் கல்யாணம். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற அவர், இரண்டு வருடக் கோபத்துக்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக வருகிறார். பழைய பாட்டு என்றால் அவருக்கு உயிர். அவரை மடக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

காலையில் கதவோரத்திலும் நிலையிலும் பசை தடவிய பிறகுதான் ஃபோம் தீர்ந்துபோனது தெரிந்தது. அதற்குள் அவர் வந்துவிட்டார். காபி முடிந்ததும் அறைக்கு அழைத்துப்போனேன். செல்போன்களை வெளியே வைத்து, இரைச்சல் என்று ஃபேனையும் நிறுத்தி, கதவை இறுக்கிச் சாத்தினேன். இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு அழுத்தினால் ஜென்மத்துக்கும் பிரியாது என்று வகுப்பில் சொல்வேன்.

பிரியவில்லை. இரண்டு பாட்டு முடிந்து திறக்கப் போனால், கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

"இன்னா ஆச்சு?" என்றார், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து.

"ஒண்ணுமில்ல மாமா, கொஞ்சம் டைட்டா இருக்கு."

"சுதா! சுதா!" என்று மனைவியைக் கூப்பிட்டேன். என் கத்தலில் பாதியை ஃபோம் தின்றது, மீதியைச் சமையலறை மிக்ஸி தின்றது. அறை வெந்தது. பசை நெடி. அவருக்கு பிரஷர் வேறு. 'பெண்ணைத்தான் கொண்டுபோனான் என்று பார்த்தால், அப்பனையும் முடித்துவிட்டான்' என்று ஜோலார்பேட்டை பேசப்போவது என் காதில் விழுந்தது. அது மட்டும் எதிரொலியோடு.

அவர் மெல்ல அருகே வந்தார்.

"மாப்ள..."

இரண்டு வருடமாக நான் ஏங்கிய வார்த்தை!

"எனக்கு சுகரு. அர்ஜெண்டா பாத்ரூம் போவணும்."

ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தேன். எங்கள் குரலை விழுங்கிய ஃபோமால் தபேலாவின் அதிர்வை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்த டீச்சர் சண்டைக்கே வந்துவிட்டார். பாட்டை நிறுத்தியதும் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல்: "இன்னாம்மா இது, எங்க அலமாரில பாத்திரம்லாம் ஆடுது!"

"தள்ளுங்க! கதவைத் தள்ளுங்க!" என்று அலறினேன்.

சுதாவும் டீச்சரும் தோள் கொடுத்து மூன்று முறை இடித்தார்கள். நிலையின் பெயிண்டை உரித்துக்கொண்டு கதவு திறந்தது. நலம் விசாரித்த டீச்சரைத் தாண்டி மாமனார் ஓடிய வேகத்தை எந்த ரயிலிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது மாதம் தவறாமல் வருகிறார். அந்த அறைக்குக் கதவு கிடையாது, வெறும் திரைதான். ஆனாலும் விருந்தாளி யார் பாட்டுக் கேட்க எழுந்தாலும், சோபாவில் இருந்தபடியே குரல் கொடுப்பார்:

"உள்ள போறவங்க பாத்ரூம் போய்ட்டு போங்க. எங்க மாப்ள பசை வச்ச ரூம் அது!"